உப்புக் கல்லும் கழுத்துக் கழலையும்: தைராய்டு வைத்தியம் வளர்ந்த கதை



பரிசளிப்பு விழா மலரில் நோயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையும் நினைத்துக் கொள்கிறோம். ஆனால், நம் அடுப்படியில் இருக்கும் உப்புச் சாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு நம் பிள்ளைகளின் படிப்போடும், நம் வீட்டுப் பெண்களின் உழைப்போடும் சம்பந்தப்பட்டது. ஆகவேதான் இந்த மலரில் அதற்கு இடம் கேட்கிறேன்.

ஒரு பிள்ளை வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருக்கிறது. பாடம் ஏறவில்லை. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "சரியான மக்கு!" என்று சொல்லி விடுகிறோம். ஒரு தாய் விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறாள். கை கால் அசதி, உடம்பு ஊதிக்கொண்டே போகிறது, தலைமுடி கொட்டுகிறது. "சோம்பேறி, தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா" என்று லயத்தில் பேசுகிறார்கள். இன்னொரு பெண்ணுக்குக் கழுத்தில் மெல்ல ஒரு வீக்கம். அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு, வந்த மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கிறாள்.

எல்லா மந்தத்துக்கும், எல்லா அசதிக்கும் ஒரே காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால், இம்மூவரில் யாருக்கும் தைராய்டு என்னும் சிறு சுரப்பியில் கோளாறு இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க இன்று ஒரு சிறு இரத்தப் பரிசோதனை போதும். அந்த ஒரு துளி இரத்தம் உண்மையைச் சொல்லும்படி செய்ய உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டது. அந்தப் பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பெயர்கள் பல, நோய்கள் வேறு

கழுத்தில் எது வீங்கினாலும் நம்மவர்கள் ஒரு பெயர் வைத்து விடுவார்கள். பிள்ளைகளுக்குக் கன்னத்தின் கீழ் இரு பக்கமும் வீங்கி, காய்ச்சலும் வந்தால் அது பொன்னுக்கு வீங்கி. தங்கச் சங்கிலியைப் போட்டு விடுவார்கள். சில நாட்களில் அது தானே வடிந்து விடும். சங்கிலி குணப்படுத்தியது என்று நினைத்துக் கொள்வோம். கழுத்தைச் சுற்றி மாலை போலக் கட்டிகள் வந்தால் கண்டமாலை. அது பெரும்பாலும் காசநோயின் கூட்டாளி.

நாம் பேச வந்தது இவை இரண்டும் அல்ல. கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்கும் வீக்கம். இதுதான் முன்கழுத்துக் கழலை. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையிலும் 'கலகண்டம்' என்ற பெயரில் கழுத்துக் கழலை சொல்லப்பட்டிருக்கிறது. சீன வைத்தியர்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்குக் கடற்பாசியைக் கொடுத்தார்கள். ஏன் கடற்பாசி? அவர்களுக்கே தெரியாது. கொடுத்தால் குறைந்தது, அவ்வளவுதான்.

தைராய்டுச் சுரப்பி வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல மூச்சுக் குழாயின் முன்னே ஒட்டியிருக்கும். உடம்பு எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது அதன் நீர்தான். ஆலையில் மெஷினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதே, அதைப் போல. நீர் குறைந்தால் உடம்பு மந்தப்படும். குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும், மறதி வரும். நீர் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்வை கொட்டும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும்.

வெடிமருந்து ஆலையில் கிடைத்த மருந்து

1811-ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டில் நெப்போலியனின் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தயாரித்துக் கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா என்பவர், கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைச் சற்று அதிகமாக ஊற்றினார். குப்பென்று ஊதா நிறப் புகை எழுந்தது. புகை ஆறியதும் கறுத்த படிகங்கள் படிந்தன. அதுதான் அயோடின். கிரேக்க மொழியில் ஊதாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் பிறந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு அயோடினைத் தெரியாமல் இருக்காது. பால் வெட்டும்போது உளி பட்ட காயத்தில் டிரஸர் தடவுவாரே, "அம்மா!" என்று கத்த வைக்கும் அந்த டிஞ்சர், அதில் இருப்பது இதே அயோடின்தான். (அதை யாரும் குடித்து வைக்க வேண்டாம். அது நஞ்சு.)

1820-இல் ஜெனீவா நகர மருத்துவர் கோயன்டே, கடற்பாசியில் கழலையைக் குறைக்கும் பொருள் இந்த அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். கழலை சுருங்கியது. சேதி பரவியதும் மக்கள் அளவு தெரியாமல் வாங்கி விழுங்கினார்கள். படபடப்பும் இளைப்புமாகப் பலர் படுத்தார்கள். மருந்தின் மேலேயே வெறுப்பு வந்து, பல்லாண்டுக் காலம் அது ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அது இங்கே நடந்தது.

கத்தி சொன்ன பாடம், ஆடு தந்த உயிர்

சுவிட்சர்லாந்து மலை நாடு. கடலே இல்லை. கழுத்துக் கழலை அங்கே வீட்டுக்கு வீடு. பெர்ன் நகரத்தில் தியோடர் கோச்சர் என்னும் அறுவை மருத்துவர், கழலையை இரத்தச் சேதமில்லாமல் வெட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கழலைகளை அறுத்தவர். தொடக்கத்தில் சுரப்பியை மிச்சம் வைக்காமல் முழுவதும் எடுத்து வந்தார். 1883-இல், தாம் அறுத்து அனுப்பியவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது அவருக்குத் திக்கென்றது. முகம் ஊதி, பேச்சு இழுபட்டு, புத்தி மங்கி, பிள்ளைகள் வளராமல் குன்றிப் போயிருந்தார்கள். உபயோகமில்லாத சதை என்று எண்ணப்பட்ட சுரப்பிதான் உடம்பையும் மூளையையும் நடத்துகிறது என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். தம் கையால் நேர்ந்ததை மறைக்காமல் மருத்துவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார் கோச்சர். பிறகு சுரப்பியில் ஒரு பகுதியை விட்டு அறுக்கலானார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சுரப்பி இல்லாதவர்களுக்கு என்ன வழி? 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைப் பிழிந்து, அந்தச் சாற்றை நாற்பத்தாறு வயது மாது ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார். ஊதிக் கிடந்த முகம் வற்றியது. பேச்சுத் தெளிந்தது. அந்த மாது மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து எழுபத்து நான்காம் வயதில் காலமானார். அதுவரை அவருக்காகச் செலவான ஆட்டுச் சுரப்பிகள் 870-க்கும் மேல்!

1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல், பன்றிகளின் சுரப்பியிலிருந்து அந்த நீரின் சாரத்தைத் தனியே பிரித்தார். அதுவே தைராக்சின். 1927-இல் ஹாரிங்டனும் பார்கரும் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டினார்கள். இன்று நம் அம்மாக்கள் காலையில் போடும் சிறு வெள்ளை மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். ஆடு அறுக்க வேண்டியதில்லை.

இதற்கிடையே 1905-இல் இங்கிலாந்தின் ஸ்டார்லிங், இப்படி இரத்தத்தில் கலந்து தூது போகும் நீர்களுக்கு 'ஹார்மோன்' என்று பெயர் வைத்தார். அந்தத் தூதுவர்களையே படிக்கும் மருத்துவத் துறை ஒன்று உருவாயிற்று. அதில் தேர்ந்தவரைத்தான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவ நிபுணர் என்கிறோம். வாயில் நுழையாவிட்டால் 'சுரப்பி டாக்டர்' என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

பள்ளி மாணவிகள் எழுதிய வரலாறு

மாணவச் செல்வங்களே, இந்தப் பகுதியை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். 1917-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரப் பள்ளிகளில் டேவிட் மரீன், கிம்பால் என்ற இருவர் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். விரும்பிய மாணவிகளுக்கு மட்டும் ஆண்டுக்கு இரு முறை, சில நாட்கள் சிறிதளவு அயோடின் உப்பைக் கொடுத்தார்கள்.

முடிவைப் பாருங்கள். அயோடின் எடுத்துக்கொண்டவர்கள் 2,190 பேர். அவர்களில் சுரப்பி வீங்கியவர்கள் ஐந்தே பேர். எடுத்துக்கொள்ளாதவர்கள் 2,305 பேர். அவர்களில் வீங்கியவர்கள் 495 பேர். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகள் இந்த நான்கு எண்களையும் ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. 1922-இல் சுவிட்சர்லாந்தின் ஒரு மாநிலத்திலும், 1924-இல் அமெரிக்காவின் மிச்சிகனிலும் அயோடின் கலந்த உப்பு கடைக்கு வந்தது. ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏழையும் பணக்காரனும் ஒரே அளவில் தின்னும் பொருள் உப்பு ஒன்றுதான். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" அல்லவா?

குன்னூரும் காங்ராவும்

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராபர்ட் மக்காரிசன், இமயமலைப் பகுதியான கில்கிட்டில் கழலையை ஆராய்ந்தார். ஓர் ஆற்று நீரைக் குடித்த கிராமங்களில், மேலிருந்து கீழே வரவரக் கழலை அதிகமாவதைக் கண்டார். தண்ணீரில் உள்ள அழுக்குத்தான் காரணம் என்று எண்ணி, அந்த வண்டலைத் தாமும் குடித்து, தொண்டர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்து வீங்கவும் செய்தது! அழுக்குத் தண்ணீரின் பங்கை அவர் மிகைப்படுத்தினார் என்று பிற்காலத்தார் கூறினர். ஆனாலும், தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கிய துணிவை யார் மறுக்க முடியும்? அவர் 1918-இல் நீலகிரி மலைக் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய சத்துக்குறை ஆராய்ச்சிதான் பிற்காலத்தில் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் ஆந்திராவைச் சேர்ந்த மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி. இவர் 1956-இல் தம் குழுவினருடன் இமயமலையடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. நடுவிலிருந்த பகுதிக்குச் சாதா உப்பு. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அயோடின் உப்புத் தின்ற இரு பகுதிகளிலும் கழலை பாதியளவுக்குக் குறைந்திருந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவே இல்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. 1962-இல் இந்தியா தேசியக் கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

பெற்றோர்களே! அந்த நடுப்பகுதித் தாய்மாரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக் கிடைத்தது தன் பிள்ளைக்குச் சில ஆண்டுகள் பிந்திக் கிடைத்தது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அயோடின் வேண்டும். அந்த நேரத்தில் கிடைக்காமல் போனால், பிறகு மூட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் முழுதாக ஈடு கட்ட முடியாது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால், அதை நாள்தோறும் கடுகிலும் சிறிய அளவாகப் பெற வேண்டும்.

நம் நாட்டின் பங்கு

மலாயாவிலும் கழலை இருந்தது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருத்துவர் ஐவன் பொலுனின், நாட்டின் உட்பகுதிகளில் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று தேடிக் கணக்கெடுத்தார். சரவாக்கின் உள்நாட்டு நீண்ட வீடுகளில் நிலைமை கடுமையாக இருந்தது. 1980-ஐ ஒட்டி ஆஸ்திரேலியச் சுரப்பி மருத்துவர் கிரெஸ்வெல் ஈஸ்ட்மனும் அவருடைய தோழர்களும் அங்கே போனார்கள். உப்பு ஒழுங்காகப் போய்ச் சேராத இடத்தில் என்ன செய்வது? மலையிலிருந்து கிராமத்துக்கு வரும் தண்ணீர்க் குழாயிலேயே அயோடினைச் சிறிது சிறிதாகக் கலந்தார்கள். பலன் கிடைத்தது. 2000-இல் சபாவில் அயோடின் உப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2008-இல் எட்டு முதல் பத்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளை நாடு முழுவதும் சோதித்தபோது, நூற்றுக்கு இருவர் அளவில் கழலை காணப்பட்டது. இப்போது தீபகற்பத்திலும் கடையில் விற்கும் சிறு பொட்டல உப்பில் அயோடின் சேர்க்கச் சட்டம் வந்துவிட்டது.

நம் கூலிம் பக்கம் எப்படி? லூனாஸ், பாடாங் சிராய், காராங்கான் என்று எங்கிருந்து புறப்பட்டாலும் கடல் வெகு தூரமில்லை. தஞ்சோங் டாவாய் நெத்திலியும் கருவாடும் நம் முன்னோரின் சோற்றுக்குத் துணை நின்றன. கடல் மீனில் அயோடின் உண்டு. மலை நாட்டுக் கொடுமை இங்கே வராததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "கடல் உப்புதானே, அதில் இல்லாத அயோடினா?" என்று சிலர் கேட்கிறார்கள். உப்பளத்தில் காய்ந்த கல் உப்பில் அயோடின் மிக மிகக் குறைவு. பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்காக உப்பைக் கூட்டிப் போடாதீர்கள்; இரத்த அழுத்தம் ஏறும்.

உப்பு மட்டும் போதாது

"அப்படியானால் நல்ல உப்பு வாங்கினால் தைராய்டு நோயே வராதா?" என்று கேட்பீர்கள். வரும். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ வேறொரு நோயை விவரித்தார். உடம்பின் காவல் படையே தன் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குவதே அதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. அயோடின் போதுமான நாடுகளில் சுரப்பி நீர் குறைவதற்கு இன்று இதுவே முதன்மைக் காரணம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பிள்ளை பெற்றபின் வருவதும் உண்டு. சுரப்பி நீர் மிகும் நோயை 1835-இல் அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸ் விவரித்தார். அதற்கும் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என்று மூன்று வழிகள் உள்ளன.

1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தபின், நம் பெண்கள் பலர் பால்வாளியை விட்டு ஷிப்டு வேலைக்குப் போனார்கள். களைப்பு வந்தால் "நைட் ஷிப்டுதான் காரணம்" என்று தள்ளிப் போடுகிறோம். வயதானவருக்கு வந்தால் "வயசாயிடுச்சி" என்கிறோம். பிள்ளைக்கு வந்தால் அடிக்கிறோம். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். உடம்பில் தெரியும் மாற்றங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எடை ஏறியதா இறங்கியதா, மாதவிலக்கு ஒழுங்காக உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, என்னென்ன மருந்து, நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள். இரத்தம் எடுப்பார்கள். பல பேருக்குக் கிளினிக்கிலேயே வைத்தியம் முடிந்து விடும். சிக்கல் இருந்தால் கடிதம் கொடுத்துச் சுரப்பி டாக்டரிடம் அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றதும் பயந்து கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி விடாதீர்கள். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், தண்ணீர் குடிக்கச் சொல்லி விழுங்குவதைக் கவனிப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். எல்லாக் கழலையும் புற்று அல்ல. பெரும்பாலானவை அல்லவே அல்ல. ஆனால், வீக்கம் வேகமாகப் பெருத்தாலும், கெட்டியாக இருந்தாலும், குரல் கம்மினாலும், மூச்சோ விழுங்குவதோ சிரமப்பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

மாத்திரை கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாற வேண்டும். பால் தேநீரோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். "இப்ப நல்லா இருக்கேனே" என்று தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் தரித்ததும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் கியூபெக்கில் 1970-களில் ஜான் டுசோ என்ற மருத்துவர், பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு இரத்தத்திலேயே சுரப்பிக் குறையைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டு வந்தார். இன்று நம் அரசாங்க மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இதைப் பார்க்கிறார்கள். மறுபடி வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால், "பிள்ளை நல்லாத்தானே பால் குடிக்குது" என்று இருந்து விடாதீர்கள். முதல் சில வாரங்களில் மருந்தைத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், படிக்கும். நாள் தவறினால், தவறியதுதான்.

அன்பர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். மேடையேறாத பிள்ளைகளையும் கூர்ந்து பார்ப்போம். அவர்களில் ஒருவர் வளர்த்தி குன்றி, களைத்து, எதிலும் ஈடுபாடின்றி இருந்தால், அது குணமா குறையா என்று ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து விசாரிப்போம். காங்ராவிலும் ஆக்ரனிலும் சரவாக்கிலும் விதி என்று விடப்பட்டதை மனிதர்கள் பொறுமையோடு ஆராய்ந்து மாற்றினார்கள். அந்தப் பலன் கூலிம் கிளினிக்கின் வாசல் வரை வந்து நிற்கிறது. போய் வாங்கிக்கொள்ள வேண்டியது நம் கடமை.